பரண் மேல் வாரியல்

எதிர்வீட்டு அக்கா வீட்டில் வாரியலால் கூட்டும் சத்தம் கேட்டால் மகன் வந்திருக்கிறான். மிஷின் சத்தம் கேட்டால் மகன் கடலில் இருக்கிறான். பால்காரர் முதல் மீன்காரம்மா வரை எங்கள் சந்தில் எல்லோருக்கும் இது தெரியும். புதிதாகக் குடிவந்த எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. அதனால் ரொம்ப நாள் அந்த மிஷினை மனசாரத் திட்டிக்கொண்டிருந்தேன்.

நான் சாத்தான்குளத்துக்காரி. தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் வேலை. பகல் முழுக்க போன் மணியும் லாரிக்காரர்கள் சண்டையும் கேட்டுவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து காலை நீட்டிக் காப்பி டம்ளரைக் கையில் எடுப்பேன். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டில் அது அலறத் தொடங்கும். வேக்குவம் கிளீனர். இருப்பது இரண்டு அறை. குடியிருப்பது ஒரே ஒரு ஆள். இதற்கு தினமும் மிஷின் வேண்டுமா, வெளிநாட்டுக் காசு படுத்துகிற பாடு என்று என் வீட்டுக்காரரிடம் முணுமுணுப்பேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வருவார்.

அக்கா என்று சொல்கிறேனே தவிர அவருக்கு என் அம்மா வயது. ஆலந்தலையில் பிறந்து இங்கே வாக்கப்பட்டவர். நெட்டையாக, ஒல்லியாக, நைட்டியின் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு நடப்பார். வீட்டுக்குள் செருப்பே போடாத மனுஷி, மிஷின் போடும்போது மட்டும் ரப்பர் செருப்பை மாட்டிக்கொள்வார். முதலில் கையை நன்றாகத் துடைப்பார். பிறகு வயரை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை விரலால் தடவிப் பார்ப்பார், எங்காவது உரிந்திருக்கிறதா என்று. அதற்குப் பிறகுதான் ப்ளக். ஜன்னல் வழியே இதையெல்லாம் பார்க்கும்போது, வீடு கூட்டுவதற்கு இவ்வளவு சடங்கா என்று எனக்குச் சிரிப்பு வரும்.

அவரோடு பழக்கம் ஏற்பட்டது ஒரு கிறிஸ்துமஸுக்கு முன்னால். எங்கள் சோபாவுக்குள் ஒரு வருஷத்து மணல் இருந்தது. மிஷினை ஒரு மணி நேரம் இரவல் தருவீர்களா என்று போய்க் கேட்டேன்.

"மிஷின் தனியா எங்கயும் போகாதுளா. கூட நானும் வருவேன்" என்றார்.

வந்தார். பச்சைப் பிள்ளையைத் தூக்கி வருவதுபோல் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். எங்கள் ப்ளக் பாயிண்டைக் குனிந்து பார்த்து, ஆடுகிறதா என்று கேட்டார். எக்ஸ்டென்ஷன் வயரை எடுத்து நீட்டினேன், வேண்டாம் என்று தள்ளிவிட்டார். சோபா இடுக்கில் என் மகள் போட்டிருந்த குண்டூசி, உடைந்த வளையல், தீக்குச்சி எல்லாவற்றையும் முதலில் கையால் பொறுக்கி எடுத்தார்.

"இதெல்லாம் உள்ள போச்சுன்னா பையக் கிழிச்சிரும். தம்பி சொல்லியிருக்கான்."

பெற்ற மகனைத் தம்பி என்று கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அக்காவின் தம்பி கப்பலில் எஞ்சின் ரூம் வேலை. மிஷினைப் பற்றி அவர் சொல்கிற ஒவ்வொன்றும் அங்கேதான் போய் முடியும். பை முட்ட முட்ட நிறையக் கூடாது, தம்பி சொல்லியிருக்கான். ஃபில்டரைக் கழுவினால் நிழலில் போட்டு சொட்டு ஈரமில்லாமல் காய வேண்டும், தம்பி சொல்லியிருக்கான். பிரஷில் முடி சுற்றினால் ப்ளக்கைக் கழற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

வேலை முடிந்ததும் உதவி செய்வதாக நினைத்து நான் வயரைப் பிடித்து இழுத்தேன். என் புறங்கையில் ஒரு அடி விழுந்தது.

"வயரப் பிடிச்சு இழுக்காதளா. ப்ளக்கப் பிடிச்சு இழு."

"தம்பி சொல்லியிருக்கானாக்கா?"

"ஆமா, சொல்லியிருக்கான்" என்றார். நான் கேலி செய்ததை அவர் கவனிக்கவே இல்லை.

சோபாவுக்குக் கீழே தண்ணீர் சிந்தியிருந்தது. அங்கே மிஷின் போகாது என்று நின்றுவிட்டார். நான் வாரியலை எடுத்து அந்த இடத்தைக் கூட்டப் போனபோது ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நீ தூத்து. ஒனக்கென்ன, ஒன் வீட்ல எல்லாரும் வீட்லதான இருக்காக" என்றார். கூட்டுவதைத்தான் தூத்துவது என்பார். அந்தப் பேச்சு அப்போது எனக்குப் புரியவில்லை. வயதானவர் ஏதோ சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

புரிந்தது அடுத்த மழைக்காலத்தில். அந்த வருஷம் பெய்த மழையில் சந்துக்குள் முழங்கால் தண்ணீர் வந்தது. எங்கள் வீட்டுப் படி உயரம், தப்பித்தோம். அக்கா வீடு தாழ்வு. நாங்கள் ஓடிப் போய்ப் பார்த்தபோது கட்டில் கால் முங்கியிருந்தது, ஃபிரிட்ஜ் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. மிஷின் மட்டும் பீரோவின் உச்சியில், மாதா படத்துக்குப் பக்கத்தில், பாலித்தீன் பையைப் போர்த்திக்கொண்டு சொட்டு ஈரம் படாமல் உட்கார்ந்திருந்தது. ஃபிரிட்ஜை நகர்த்தியிருக்கலாமே என்று என் வீட்டுக்காரர் கேட்டார். "ஃபிரிட்ஜ் இல்லாம இருந்துக்கிடலாம் தம்பி" என்றார் அக்கா.

தண்ணீர் வடிந்த பிறகு சந்து முழுக்க ஒரே வாரியல் சத்தம். ஆணும் பெண்ணும் சேற்றை வாசலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அக்கா மட்டும் தரையில் குந்தி உட்கார்ந்து, ஒரு தேங்காய்ச் சிரட்டையால் சேற்றை அள்ளி அள்ளி வாளியில் போட்டுக்கொண்டிருந்தார். அள்ளிய இடத்தைப் பழைய சேலைத் துணியால் துடைத்தார். இப்படியே போனால் ஒரு வாரம் ஆகும். எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் வீட்டு வாரியலைக் கொண்டுபோய் நீட்டினேன்.

"வேண்டாம்ளா."

"நீங்க எந்திரிங்கக்கா, நான் கூட்டுதேன்" என்று வாரியலைத் தரையில் வைத்தேன். சட்டென்று அதைப் பிடித்துக்கொண்டார். அந்த ஒல்லிக் கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. எனக்குப் பயமாகப் போய்விட்டது.

"ஊருக்குப் போனவுக போய் இறங்குற வரைக்கும் வீட்டத் தூத்தக்கூடாது. ஒங்க ஊர்ல சொல்ல மாட்டாகளா?"

எங்கள் ஊரிலும் சொல்வார்கள்தான். ஆனால் எங்களுடையது உபதேசியார் குடும்பம். யாராவது ஊருக்குக் கிளம்பினால் அம்மா ஜெபம் பண்ணி அனுப்பிவிட்டு, பஸ் தெருமுனை திரும்புவதற்குள் வேண்டுமென்றே வாரியலை எடுப்பாள், மூடநம்பிக்கைக்கு இடம் கொடுக்கக் கூடாது என்று. அதைச் சொன்னேன். ஒரு பகல் நேரத்துச் சங்கதிதானே அக்கா, தம்பி போய் எத்தனை மாதம் ஆகிறது என்றேன்.

"பஸ்ல போறவுக பொழுதுக்குள்ள போய் இறங்கிருவாக. கப்பல்ல போனவன் எங்கன இறங்குதான்? ஒரு துறையில சரக்கு, அடுத்த துறைக்குப் பயணம். அவன் இந்த வாசல்ல வந்து இறங்குனாத்தான் எனக்கு இறங்குனது."

அப்போதுதான் பரணைப் பார்த்தேன். அரிசி உலைப் பானைக்கும் பழைய பாய்க்கும் நடுவே ஒரு வாரியல், துணி சுற்றி, படுக்க வைக்கப்பட்டிருந்தது.

வாளியை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு அன்றைக்குத்தான் தன் வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னார். அவர் தோணியில் போகிறவர். மாலத்தீவுக்கு வெங்காயமும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு போகும் தோணி. கடைசியாகப் போனபோது மகன் கைப்பிள்ளை. அவர் படி இறங்கிய கொஞ்ச நேரத்தில் மச்சினி வீட்டிலிருந்து ஆட்கள் வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். வீடு கிடந்த கிடையைப் பார்த்து அக்கா அவசர அவசரமாகக் கூட்டித் தள்ளினார். தோணி போய்ச் சேரவில்லை. பலகை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

"நான் தூத்துனதுனாலதான் போனாகன்னு சொல்லலளா. கடல் காத்துக்கு என் வாரியலத் தெரியுமா? ஆனா தூத்தாம இருந்திருக்கலாமில்ல."

பங்குச் சாமியாரிடம் கேட்டுப் பார்த்தீர்களா என்றேன்.

"கேட்டேன். மூடநம்பிக்கைன்னாரு. சரி சாமின்னுட்டு வந்துட்டேன்."

"பின்ன?"

"சாமியாருக்கென்ன, பிள்ளையா இருக்கு கப்பல்ல போறதுக்கு?"

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு நானும் ஒரு சிரட்டையைக் கேட்டு வாங்கி, பக்கத்தில் குந்தி உட்கார்ந்து சேறு அள்ளினேன். என் அம்மா பார்த்திருந்தால் என்னை வீட்டுக்குள் சேர்த்திருக்க மாட்டாள்.

மிஷின் வந்த கதையையும் அப்போதுதான் கேட்டேன். மகன் முதன்முதலாகக் கப்பலுக்குப் போனபோது, அந்த மாதங்கள் முழுக்க அக்கா முழங்காலில் நகர்ந்து ஈரத்துணியால் மட்டும் துடைத்திருக்கிறார். கடற்காற்றில் வந்து விழும் மணலும் கரியும் உப்பும் தண்ணீர் பட்டதும் தரையெல்லாம் களிம்பாக அப்பிக்கொள்ளும். லீவில் வந்த மகன் அம்மாவின் வீங்கிய முழங்காலைப் பார்த்துவிட்டுப் போனான். அடுத்த லீவில் சிங்கப்பூரிலிருந்து இந்தப் பெட்டியோடு வந்து இறங்கினான்.

"இது தூத்தாதும்மா, உறியும். வாசலுக்கு வெளிய ஒரு தூசியக்கூடத் தள்ளாது. எல்லாம் இந்தப் பைக்குள்ளயேதான் கெடக்கும்" என்றானாம். அக்கா யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டுச் சரி என்றிருக்கிறார். அப்போதும் அந்தப் பையைத் தெருக் குப்பையில் கொட்ட மனசு வராது. ப்ளக்கைக் கழற்றி, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, பின்பக்கத்துக் கறிவேப்பிலை மரத்து மூட்டில்தான் கொட்டுவார். மகன் இருந்துவிட்டுப் போன வீட்டின் தூசி மதிலைத் தாண்டக் கூடாது.

அதற்குப் பிறகு அந்த அலறல் எனக்குத் தொந்தரவாக இல்லை. அது கேட்கும்வரை எதிர்வீட்டில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு காப்பியைக் குடிப்பேன். முடித்ததும் அக்கா வாசலுக்கு வந்து நிற்பார்.

"ஏளா, கப்பல் எங்கன நிக்கி?"

கப்பல் இருக்கும் இடத்தைக் காட்டும் ஆப் என் போனில் உண்டு, ஆபீஸ் வேலைக்காக. நீலக் கடலில் ஒரு சின்ன முக்கோணம். அவர் போனிலும் அதைப் போட்டுக் கொடுத்தேன், தொட்டால் போதும் என்று காட்டினேன். தொடவே மாட்டார். தினமும் என்னிடம்தான் கேட்பார். யாராவது ஒருவர் தன் மகனைப் பற்றி வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது. இலங்கையைத் தாண்டிட்டுக்கா என்பேன். தாண்டிட்டா, சரி, என்று உள்ளே போய்விடுவார். கதவு சாத்துகிற சத்தம் கேட்கும். அதற்குமேல் மறுநாள் காலை வரை அந்த வீட்டிலிருந்து ஒரு சத்தமும் வராது.

ஒரு ஆடி மாதம், காற்று ஊரையே வாரி இறைத்துக்கொண்டிருந்தபோது, மிஷினிலிருந்து தீய்ந்த வாடை வந்தது. அக்கா உடனே அணைத்தார், ப்ளக்கைப் பிடுங்கினார், ஒரு திருகாணியைக்கூடத் தொடவில்லை. ஆட்டோவில் மடியில் வைத்து ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனார். நானும் போனேன். சாமான் மதுரையிலிருந்து வர வேண்டும், நாளாகும் என்றார் கடைக்காரர்.

"எம்புட்டு நாளாகும் அண்ணாச்சி?"

"வந்தாத்தான் தெரியும்மா. அதுவரைக்கும் வாரியல எடுத்துத் தூத்துங்க. அந்தக் காலத்துல மிஷினா இருந்துச்சு?"

ஆட்டோவில் திரும்பும்போது அக்கா வெறும் மடியைக் கையால் தடவிக்கொண்டே வந்தார்.

அந்த நாட்களில் வீட்டுக்குள் கால் வைக்க முடியாமல் சாயங்காலமானால் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். என்னோடு சேர்ந்து காப்பி குடிப்பார். மகளுக்குத் தலை பின்னிவிடுவார். சாளை மீனுக்குப் புளி எவ்வளவு என்று என்னோடு சண்டை போடுவார். மகனைப் பற்றிப் பேசாத அக்காவை அப்போதுதான் பார்த்தேன். நன்றாகப் பாடுவார் என்பதே அப்போதுதான் தெரிந்தது. மிஷின் சரியாகி வந்தது. மறுநாளிலிருந்து பழையபடி அலறல், பழையபடி வாசலில் ஒரு கேள்வி, பழையபடி சாத்திய கதவு. அந்த மிஷின் இன்னும் கொஞ்ச நாள் கெட்டுக் கிடந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது, உண்மையைச் சொன்னால்.

மகன் லீவில் வந்தால் மட்டும் வீடே வேறு. ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறி வாரியலை இறக்குவார். கட்டிலுக்கு அடி, பீரோவுக்குப் பின்னால், வாசல், சந்தில் பாதி என்று காலையிலேயே கூட்டித் தள்ளுவார். "அம்மா, நான் தூங்கணும்" என்று உள்ளிருந்து அவன் கத்துவான். எங்களுக்கு நெய்மீன் குழம்பு வரும், மக்ரூன் பொட்டலம் வரும். அவன் கிளம்பும் நாளில் ஆட்டோ சந்தைத் தாண்டும் முன்னே ஸ்டூலை இழுக்கும் சத்தம் கேட்கும். வாரியல் மேலே போய்விடும்.

பிறகு அவனுக்குக் கல்யாணம் ஆனது. பெண் வெளிநாட்டில், பெர்த் நகரத்தில் நர்ஸ் வேலை பார்த்தவள். லீவு கிடைத்தால் அவன் அங்கே போக வேண்டியிருந்தது, நியாயம்தானே. இங்கே வருவது குறைந்தது. வாரியல் பரணிலேயே கிடந்தது. அக்கா வாசலில் நின்று கேட்கும் கேள்வி மட்டும் மாறவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டில் வாரியல் சத்தம் கேட்டது. பாதி பின்னிய தலையோடு தெருவைக் கடந்து ஓடினேன்.

"தம்பி வந்துட்டானாக்கா?"

அக்கா நிமிரவில்லை. கட்டிலுக்கடியில் கூட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை. வாசல் பக்கம் மிஷின் நின்றது, வயரைச் சுற்றி, பையைத் துவைத்து மாட்டி.

"வரல."

"பின்ன என்னக்கா?"

"கப்பல் வேலைய விட்டுட்டான். இனி பெர்த்துலதான் இருப்பானாம். கரையில வேல. வீடு வாங்கிட்டான். நேத்து போன்ல சுத்திக் காட்டுனான்." மூலையில் இருந்த சிலந்தி வலையை வாரியல் நுனியால் எடுத்தார். "வீடு பூரா கம்பளம். பெரிய மிஷின் வச்சிருக்கான். போட்டுக் காட்டுனான். வயரப் பிடிச்சு இழுக்கான்ளா. எனக்குச் சொல்லிக் குடுத்தவன். ப்ளக்கப் பிடிலேன்னு இங்கன இருந்து சத்தம் போட்டேன். சிரிக்கான்."

நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். அவர் என் காலைத் தூக்கச் சொல்லி அதற்கடியிலும் கூட்டினார்.

"அவன் இறங்கியாச்சு. இனி தூத்தலாம்" என்றார்.

கூட்டி முடித்து, குப்பையை முறத்தில் அள்ளி, மதிலுக்கு வெளியே தெருத் தொட்டியில் கொட்டினார். வாரியலைப் பரணில் வைக்கவில்லை. எல்லோர் வீட்டிலும்போல் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தார். அன்றைக்கு நான் கோயிலுக்குப் போகவில்லை.

அதற்குப் பிறகு அவர் கப்பலைப் பற்றிக் கேட்கவில்லை. சாயங்காலம் சந்து அமைதியாக இருக்கும். நான் இரண்டு டம்ளர் காப்பி போட்டுக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போகப் பழகினேன்.

கொஞ்ச காலம் கழித்து என்னைக் கொச்சி ஆபீசுக்கு மாற்றினார்கள். சாமான்களை முந்தின நாளே லாரியில் அனுப்பிவிட்டு, விடியற்காலையில் காரில் கிளம்பினோம். அக்கா இடுப்பில் மிஷினோடு வந்தார். மறுத்துப் பார்த்தேன். "எனக்கெதுக்குளா இனி" என்று என் மடியில் வைத்தார். "அங்கன எப்பவும் மழையாம். ஈரத்துல போட்டுராத. ப்ளக்கப் பிடிச்சு இழு." தம்பி சொன்னது என்று இந்த முறை சொல்லவில்லை. கார் திரும்பும்போது பார்த்தேன், வாசலில் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வழியெல்லாம் மழை. கொச்சியில் புது வீட்டுக்கு வந்து சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. சாவியைத் திருப்பிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது.

"ஏளா, இறங்கியாச்சா?"

"இப்பதான்க்கா. வீட்டு வாசல்ல நிக்கேன்."

"பிள்ளை? அவுக?"

"எல்லாரும் வந்தாச்சு."

"சரி" என்றார். அந்த ஒரு வார்த்தையில் பெரிய மூச்சு ஒன்று இருந்தது. "காலைலருந்து வீடு போட்டது போட்டபடி கெடக்கு."

போனை அணைக்காமல் எங்கோ வைத்துவிட்டார்போல. அடுக்களைக் கதவு இழுபடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் வாரியல் சத்தம் கேட்கத் தொடங்கியது. அவர் கூட்டி முடிக்கும்வரை மிஷினை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த வாசலிலேயே நின்றேன்.